முதுகில் ஒட்டிய 40 கிண்ணங்கள்: பேட்ச் டெஸ்ட் குறித்த மதிப்புரை

கண் இமைகளில் முதலில் அரிப்பு, பிறகு வீக்கம், அதன்பின் மெல்லிய தாள் போல உரியும் தோல் என்று எட்டு மாதங்கள் அல்லல்பட்ட பிறகு, ஒரு தோல் மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். சந்தேகத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டிவைத்து, எதற்குத் தோல் ஒவ்வாமை காட்டுகிறது என்று பார்ப்பது இது. ஒரு வாரத்துக்குள் மூன்று முறை நேரில் செல்ல வேண்டும், இரண்டு நாள்களுக்கு முதுகில் தண்ணீர் படக் கூடாது, முடிவும் உடனே கைக்கு வராது. இந்தச் சிரமங்களைக் கேட்டதுமே பலர் இதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள், நானும் தள்ளிப்போட்டவள்தான். ஆகவே இந்த மதிப்புரையில் சேவை எப்படி இருந்தது என்பதோடு, அது ஏன் அத்தனை நாள் கேட்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தக் காத்திருப்பின் காரணம் தெரியாதவருக்கு, நல்ல பரிசோதனை எது, அரைகுறையாகச் செய்யப்படுவது எது என்று பிரித்தறிய வழியில்லை.

இதற்கு முன் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஆய்வகத்தில் ‘முழுமையான ஒவ்வாமைப் பரிசோதனை’ என்ற பெயரில் இரத்தம் எடுத்தார்கள். தூசி, மகரந்தம், விலங்கு முடி, உணவு வகைகள் என்று பல பக்கங்களுக்கு நீண்ட அறிக்கை வந்தது. எல்லா வரியிலும் ‘இல்லை’ என்றே இருந்தது. உங்களுக்கு ஒவ்வாமையே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. எனக்குப் பொருந்தாத கேள்வியை அது கேட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த இரத்தப் பரிசோதனை தேடுவது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை. தும்மல், உடனடித் தடிப்பு, மூச்சுத்திணறல் போன்று சில நிமிடங்களில் வெடிக்கும் ஒவ்வாமைக்குத்தான் ஐஜிஇ காரணம். என் இமைகளில் நடந்ததோ, காரணப் பொருள் தோலில் பட்டு ஒன்றிரண்டு நாள்கள் கழித்துத் தலைகாட்டும் தாமத மிகையுணர்வு. அதில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை. வேலை செய்பவை டி-செல்கள் என்னும் ஒரு வகை வெள்ளை அணுக்கள். இரத்தத்தில் ஐஜிஇயை எத்தனை முறை அளந்தாலும் டி-செல்லின் நினைவு அதில் தென்படாது.

பிலிப் ஜெல், ராபின் கூம்ப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1963இல் மிகையுணர்வை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் மூன்று வகைகளும் ஏதோ ஓர் எதிர்ப்பொருளின் வழியாக நடப்பவை. நான்காவது மட்டும் செல்களின் வழியாக நடப்பது. அந்தப் பிரிவினைக்கு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பின்னால் வந்தவர்கள் அதில் பல உட்பிரிவுகளைச் சேர்த்தும் விட்டார்கள். ஆனாலும் நோயாளியாகிய எனக்கு அதில் தேவைப்பட்டது ஒரே ஒரு செய்திதான்: நான்காவது வகையைக் கண்டுபிடிக்க இரத்தத்தை அல்ல, தோலைத்தான் கேட்க வேண்டும்.

முதல் சந்திப்பில் மருத்துவர் என் இமைகளைப் பார்த்த நேரத்தைவிடக் கேள்வி கேட்ட நேரமே அதிகம். முகத்தில் எதைப் பூசுகிறேன் என்று எல்லோரும் கேட்பார்கள். இவரோ தலைக்கு எதைத் தேய்க்கிறேன், பாத்திரம் துலக்கும் திரவம் எது, துடைப்பதற்கு ஈரத் தாள் பயன்படுத்துகிறேனா, நகப்பூச்சு உண்டா, மூக்குக் கண்ணாடியின் சட்டம் எதனால் ஆனது, வீட்டில் வேறு யாராவது தலைமுடிக்குச் சாயம் பூசுகிறார்களா என்றெல்லாம் கேட்டார். இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதனால் தலையில் தேய்த்தது வழிந்து வந்தாலும், கையில் பட்டது தடவப்பட்டாலும், காற்றில் கலந்தது வந்து படிந்தாலும், மற்ற இடங்கள் தாங்கிக்கொள்ளும் அளவை இமை தாங்குவதில்லை. இமைக்கு நேரே பூசாத பொருள்தான் பல நேரங்களில் காரணமாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது, எட்டு மாதங்களாகக் கண் மையையும் முகப்பூச்சையும் மட்டுமே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த என் முயற்சி எங்கே வழி தவறியது என்பது புரிந்தது. வீட்டில் பயன்படுத்தும் எல்லாப் பொருள்களையும் அடுத்த முறை பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். இந்தச் சேவையில் நான் முதலாவதாகப் பாராட்டுவது இந்தக் கேள்விகளைத்தான்.

தயாரிப்பு விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருக்கக் கூடாது. வெயிலில் முதுகு கருகியிருக்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்தோ எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. இவை எல்லாம் டி-செல்களின் குரலை அமுக்கி, இருக்கும் ஒவ்வாமையை இல்லாததுபோலக் காட்டிவிடக் கூடியவை. அரிப்புக்கு நான் எடுத்துக்கொண்டிருந்த ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை மட்டும் நிறுத்தத் தேவையில்லை என்றார்கள். ஹிஸ்டமின் என்பது உடனடி ஒவ்வாமையின் ஆயுதம். தாமத வகையில் அதற்குப் பெரிய பங்கில்லை. அந்த மாத்திரை எட்டு மாதங்களாக என் அரிப்பை ஏன் தீர்க்கவில்லை என்பதற்கான விடையும் அதில்தான் இருந்தது.

ஒட்டும் நாளன்று செவிலியர் என் முதுகில் நான்கு பட்டைகளை ஒட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு வரிசைகளாகப் பத்து அலுமினியக் கிண்ணங்கள்; ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பெரும்பாலான பொருள்கள் பெட்ரோலேட்டம் என்னும் மழமழப்பான களிம்பில் கலக்கப்பட்டு ஊசிக்குழாயில் இருந்தன. அவர் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய துளியாக ஒவ்வொரு கிண்ணத்திலும் பிதுக்கினார். நீரில் கரைத்த பொருள்களுக்கு மட்டும் கிண்ணத்தில் ஒரு வட்ட வடிகட்டித் தாளை வைத்து அதில் சொட்டுவிட்டார். நிக்கல் சல்ஃபேட் நூற்றுக்கு ஐந்து பங்கு, முடிச்சாயத்தில் வரும் பாரா ஃபினிலின் டையமின் நூற்றுக்கு ஒரு பங்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு. அளவு கூடினால் ஒவ்வாமையே இல்லாதவர் தோலும் எரிந்து சிவக்கும். குறைந்தால் ஒவ்வாமை உள்ளவர் தோலும் பேசாமல் இருந்துவிடும். பட்டைகளை உள்ளங்கையால் அழுத்தி, ஓரங்களில் அழியாத மையால் கோடிட்டு, எந்த இடத்தில் எந்தப் பொருள் என்ற வரைபடத்தை எழுதி, “குனிந்து எடை தூக்காதீர்கள் அம்மா, வியர்த்தால் பட்டை கழன்றுவிடும்” என்று சொல்லி அனுப்பினார்.

அந்த இரண்டு நாள்களில் என் தோலுக்குள் நடந்தது என்ன என்பதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்கள் பெரும்பாலும் மிகச் சிறிய மூலக்கூறுகள். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் டால்டன் என்ற அலகில் ஏறத்தாழ 500க்குக் குறைந்த எடை கொண்டவையே தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போக முடியும். ஆனால் அத்தனை சிறிய பொருளை நோய் எதிர்ப்பு மண்டலம் தனியாக அடையாளம் காண்பதில்லை. உள்ளே போன மூலக்கூறு நம் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டி உருமாறிய புரதத்தைத்தான் மண்டலம் அந்நியமாகக் கருதுகிறது. இப்படித் தனியாக நின்றால் கண்ணில் படாமல், புரதத்தோடு சேர்ந்தால் மட்டும் எதிரியாகத் தெரியும் சிறு பொருளுக்கு ஹாப்டென் என்று பெயர். இதோடு இன்னொன்றும் தேவைப்படுகிறது: ஆபத்து என்ற அறிகுறி. தோல் செல்கள் சிறிதளவாவது எரிச்சலடைந்து எச்சரிக்கை வேதிப்பொருள்களை வெளியிட்டால்தான் அடுத்த கட்டம் நடக்கும். நிக்கல் இந்த இரண்டையும் தானே செய்துவிடுகிறது. மனிதரின் டோல் போன்ற ஏற்பி-4 என்பது பாக்டீரியாவைக் கண்டு மணியடிக்க வேண்டிய உணர்வி; அதில் நிக்கல் அயனி நேரடியாகப் போய்ப் பிணைந்து மணியை அடித்துவிடுகிறது. உலகெங்கும் ஒட்டுப் பரிசோதனையில் மிக அதிகமாகப் பிடிபடும் பொருளாக நிக்கல் இருப்பதில் வியப்பில்லை.

எச்சரிக்கை கிடைத்ததும், தோலில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும், அவற்றின் கீழடுக்கில் இருக்கும் மற்றக் கிளைச்செல்களும் உருமாறிய புரதத்தை விழுங்கிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பயணமாகின்றன. பவுல் லாங்கர்ஹான்ஸ் 1868இல் மருத்துவ மாணவராக இருந்தபோது இந்தச் செல்களைக் கண்டு, அவற்றின் கிளைகளைப் பார்த்து நரம்புச் செல்கள் என்றே நினைத்தார். அவற்றின் உண்மையான பணி தெரியவர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கணுவை அடைந்த செல், தான் சுமந்து வந்த துண்டை எண்ணற்ற டி-செல்களுக்குக் காட்டுகிறது. அதற்குப் பொருந்தும் ஏற்பி கொண்ட மிகச் சில டி-செல்கள் விழித்து, பிரிந்து பெருகி, ஒரு படையாகின்றன. இதற்குப் பத்து முதல் பதினைந்து நாள்கள் வரை ஆகின்றன. இந்தக் கட்டத்தில் தோலில் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் உடல் அந்தப் பொருளைக் குறித்துக்கொண்டுவிட்டது. ‘பல ஆண்டுகளாக இதைத்தானே பயன்படுத்துகிறேன், இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்’ என்று நாம் கேட்கிறோம். பழக்கம் ஒருபோதும் பாதுகாப்பு ஆவதில்லை என்பதே அதற்கு விடை. இந்த நினைவேற்றம் முதல் வாரத்திலும் நடக்கலாம், பத்தாவது ஆண்டிலும் நடக்கலாம். நடந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை.

ஒட்டுப் பரிசோதனை கேட்பது, இந்த நினைவு ஏற்கெனவே இருக்கிறதா என்ற ஒரே கேள்வியைத்தான். கிண்ணத்தில் உள்ள பொருள் மெல்லத் தோலுக்குள் இறங்கிப் புரதத்தோடு பிணைய வேண்டும். காவல் செல்கள் அதை எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கமாக உலவும் நினைவு டி-செல் ஒன்று அதை அடையாளம் காண வேண்டும். கண்டதும் அது இன்டர்ஃபெரான் காமா முதலான சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களை, சுரக்க வேண்டும். அவற்றால் தூண்டப்பட்ட தோல் செல்கள் மேலும் டி-செல்களை இரத்தத்திலிருந்து அழைக்கும் வேதிச் செய்திகளை அனுப்ப வேண்டும். அழைப்பைக் கேட்டு வந்த செல்கள் இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்துத் தோலில் வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த பிறகுதான் தோல் செல்களுக்கு இடையே நீர் கோத்து, அவற்றில் சில அழிந்து, நம் கண்ணுக்குச் சிவப்பாகவும் தடிப்பாகவும் நீர்க்கொப்புளமாகவும் தெரிகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படி முடியக் காத்திருப்பதால் இது உச்சத்தை அடைய 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கிறது. உடனடி ஒவ்வாமையில் இந்த வரிசையே கிடையாது. மாஸ்ட் செல் என்னும் செல்லின் மேல் ஐஜிஇ முன்பே ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஹிஸ்டமின் உள்ளே தயாராக நிரம்பியிருக்கிறது. அதனால்தான் ஊசிமுனைக் கீறல் பரிசோதனையை இருபது நிமிடங்களில் படித்துவிட முடிகிறது.

இந்தக் காலதாமதத்தை மருத்துவ உலகம் வெகுநாள் முன்பே கண்டிருந்தது. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினை ராபர்ட் கோக் 1890இல் அறிமுகப்படுத்தினார். அது மருந்தாகத் தோற்றுப்போனாலும், ஏற்கெனவே கிருமி தொற்றியவர் உடலில் மெதுவாக எழும் எதிர்வினையை உலகுக்குக் காட்டியது. இன்றும் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் மாண்டூ பரிசோதனையில் முன்கையில் ஊசி போட்டுவிட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்லி, சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் அளப்பது அதே செல்வழி எதிர்வினையைத்தான். யோசெஃப் யாடசோன் 1895இல் பாதரசத்துக்கு ஒவ்வாத நோயாளிகளின் தோலில் அந்தப் பொருளையே ஒட்டிப் பார்த்து இந்தப் பரிசோதனைக்கு அடித்தளமிட்டார். ஆனால் இதன் பின்னால் இருப்பது செல்தான் என்பது உறுதியானது 1942இல். கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் ஒவ்வாமை ஏற்பட்ட கினிப்பன்றியிலிருந்து செல்களை எடுத்து ஒவ்வாமை இல்லாத கினிப்பன்றிக்குச் செலுத்தினார்கள். அந்த ஒவ்வாமையும் கூடவே இடம் மாறியது. இரத்தத் தெளிநீரை மட்டும் செலுத்தியபோது அப்படி நடக்கவில்லை. என் இரத்தப் பரிசோதனை ஏன் வெறுமையாக வந்தது என்பதற்கு அந்தக் கினிப்பன்றிகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன.

48 மணி நேரம் கழித்துப் பட்டைகளை உரித்தார்கள். உரித்த உடனே படிக்கவில்லை. பட்டையின் அழுத்தத்தால் வந்த சிவப்பு அடங்குவதற்கு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். மூன்று இடங்களில் மாற்றம் இருந்தது. நிக்கல் இருந்த இடம் தெளிவாகத் தடித்திருந்தது. வாசனைப் பொருள்களின் கலவை இருந்த இடம், கிண்ணத்தின் விளிம்பை அப்படியே வரைந்ததுபோலக் கூர்மையான வட்டமாகச் சிவந்திருந்தது. பொருள்கள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் மெத்தில் ஐசோதயசோலினோன் இருந்த இடத்தில் மிக மங்கலான ஓர் இளஞ்சிவப்பு. நான் கண்ணாடியில் பார்த்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. மருத்துவர் அதற்கு எதிரே ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டார். அன்றோடு பரிசோதனை முடிந்திருந்தால், வாசனைப் பொருள் ஆகாது, மூன்றாவதில் ஒன்றும் இல்லை என்ற முடிவோடு வீடு திரும்பியிருப்பேன். இரண்டுமே தவறாக இருந்திருக்கும்.

96 மணி நேரத்தில் மீண்டும் சென்றேன். வாசனைக் கலவையின் வட்டம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மங்கலாக இருந்த மூன்றாவது இடமோ சிவந்து, தடித்து, சிறு சிறு பருக்களோடு கிண்ணத்தின் எல்லையைத் தாண்டிப் பரவியிருந்தது. மருத்துவர் என் கையைப் பின்னால் எடுத்துச் சென்று விரல்நுனியை முதலில் வாசனைக் கலவையின் இடத்தில் வைத்தார். அங்கே தோல் சமமாக, மற்ற இடம் போலவே இருந்தது. பிறகு மூன்றாவது இடத்தில் வைத்தார். துணிக்கு அடியில் மணலைத் தடவுவதுபோல நெருநெருவென்று இருந்தது. வேதிப்பொருளின் வெறும் எரிச்சல் என்றால், பட்டையை எடுத்ததும் இறங்கத் தொடங்கிவிடும். டி-செல்களின் வேலை என்றால், பொருளை எடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போகும், ஏனெனில் அழைக்கப்பட்ட செல்கள் அப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. இறங்குவதா ஏறுவதா என்பதை ஒரே ஒரு முறை பார்த்துச் சொல்லவே முடியாது. எந்த மருத்துவமனையாவது 48 மணி நேரத்தில் பட்டையை எடுத்துவிட்டு அன்றே அறிக்கை தருவதாகச் சொன்னால், அங்கே செல்ல வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் தோல் சிவந்தது என்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. நான் அதிகம் மெச்சுவது இந்தப் பகுதியை மருத்துவர் கையாண்ட விதத்தைத்தான். நிக்கலுக்கு என் தோல் கடுமையாகச் சிவந்தது உண்மை. பள்ளி நாள்களில் மலிவான கம்மல் போட்டால் காது நீர் வடிந்து புண்ணாகும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் மூக்குக் கண்ணாடியின் சட்டம் உலோகம் என்பதால் அதுவே காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் ஒரு பஞ்சுக் குச்சியில் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற திரவத்தை நனைத்து, சட்டத்தின் காம்பிலும் மூக்குப் பாலத்திலும் அழுத்தித் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதே போன்ற இன்னொரு குச்சியால் என் கைப்பையின் கொக்கியைத் தேய்த்தபோது, பஞ்சு சில நொடிகளில் செம்பருத்தி இதழின் நிறத்துக்கு மாறியது. நிக்கல் வெளியேறினால் அந்தத் திரவம் அப்படித்தான் நிறம் மாறும். ஆகவே நிக்கல் ஒவ்வாமை எனக்கு உண்டு, இமை நோய்க்கு அது காரணம் இல்லை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதினார்.

பிறகு என் பையிலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொடி எழுத்துகளை உருப்பெருக்கியால் படித்தார். ஷாம்பு, பாத்திரத் திரவம், ஈரத் துடைப்புத் தாள் ஆகிய மூன்றிலும் மெத்தில் ஐசோதயசோலினோன் இருந்தது. வெறும் 115 டால்டன் எடையுள்ள மூலக்கூறு அது. தோலைக் கடப்பது அதற்கு மிக எளிது. 2005 முதல் அழகுப் பொருள்களில் இது தனியாகவும் சேர்க்கப்பட்டு, ஒவ்வாமை பெருகிய பிறகு, தோலில் விட்டுவைக்கும் பூச்சுகளில் இதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை விதித்தது. அலசிக் கழுவும் பொருள்களில் 2018 முதல் பத்து லட்சத்துக்கு 15 பங்கு என்ற வரம்புக்குள் அனுமதித்தது. என் ஷாம்பு அலசிவிடும் பொருள்தான். ஆனாலும் ஏற்கெனவே நினைவேற்றம் நடந்த ஒருவரின் இமையில், வழிந்தோடும் அந்தச் சிறு அளவும் போதுமானதாக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் இரவு முதுகின் அரிப்பால் தூக்கம் போயிற்று. அது பரிசோதனை வேலை செய்வதன் அடையாளம் என்று தெரிந்திருந்தும் பொறுத்துக்கொள்வது எளிதாக இல்லை. இடது தோளுக்குக் கீழே இருந்த பட்டையின் ஓரம் வியர்வையில் கழன்றது; கூடுதல் ஒட்டுப்பட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் வீட்டிலேயே சரிசெய்திருப்பேன், இதற்காக மீண்டும் ஒரு முறை போக நேர்ந்தது. நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சில ஸ்டீராய்டு களிம்புகள் போன்றவற்றுக்கு எதிர்வினை ஏழாம் நாள்தான் எழக்கூடும் என்பதால் அன்றும் ஒரு முறை பார்ப்பது நல்லது. இந்த மருத்துவமனையில் அதற்கான நேரத்தை அவர்களாக ஒதுக்கவில்லை, நான் கேட்ட பிறகே தந்தார்கள். நாற்பது பொருள்களில் இல்லாத ஏதோ ஒன்று காரணமாக இருந்தால் இந்தப் பரிசோதனை அதைக் காட்டாது. நாம் கொண்டுபோகும் பொருள்களையும் தக்க அளவில் நீர்க்கச் செய்து ஒட்டச் சொல்லிக் கேட்பது அதற்காகத்தான். மிக அரிதாக, பரிசோதனையே புதிய நினைவேற்றத்தை உண்டாக்குவதும் உண்டு. அப்படியானால் ஒட்டிய இடம் பத்து நாள்களுக்கு மேல் கழித்துச் சிவக்கும். இதை ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தார்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவற்றை எல்லாம் கணக்கில் கொண்டு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். கழித்த ஒன்றில் பாதி அந்த ஏழாம் நாளுக்கு.

யாருக்கு இது பொருந்தும் என்பதில் தெளிவு வேண்டும். உணவு உண்ட சில நிமிடங்களில் உதடு வீங்குபவருக்கோ, உடலெங்கும் வந்து வந்து மறையும் தடிப்புக்கோ இந்தப் பரிசோதனை எதையும் சொல்லாது. பட்ட இடத்தில் ஒன்றிரண்டு நாள்கள் கழித்து எழுந்து, வாரக்கணக்கில் நீடிக்கும் அரிப்புக்குத்தான் இது. முடிச்சாயப் பெட்டியில் 48 மணி நேரம் முன்பே சிறிது தடவிப் பாருங்கள் என்று எழுதியிருப்பதன் காரணமும் இதுவே. தடவி ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று தலை முழுவதும் பூசிக்கொள்பவர், டி-செல்கள் வந்து சேர்வதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ஒரு மருந்தைத் தொடங்கி நாள்கள் அல்லது வாரங்கள் கழித்துக் காய்ச்சல், வாய்ப்புண், உடல் முழுவதும் சிவப்பு, தோல் உரிதல் என்று வருமானால், அதுவும் டி-செல்களின் தாமத எதிர்வினையாக இருக்கலாம். ஆனால் அது ஒட்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரமல்ல. அன்றே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டிய நேரம்.

மூன்று பொருள்களையும் மாற்றிய பிறகு இமைகள் முழுதும் ஆற ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆயின. ஐந்து மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு காலையில், எந்தப் புதிய பொருளையும் தொடாமலேயே, பழைய அதே இடத்தில், இடது இமையின் வெளி ஓரத்தில், அரிப்பு தொடங்கியது. அதே இடம் என்பது தற்செயலானதல்ல. நோய் ஆறிய பிறகும் நினைவு டி-செல்களில் ஒரு பகுதி அந்தத் தோலிலேயே தங்கிவிடுகிறது, அடுத்த முறை பொருள் வரும்போது அவை முதலில் விழித்துக்கொள்கின்றன. முன்பு இருந்த நானாக இருந்தால் அன்று காலை எதைப் பூசினேன் என்று தேடியிருப்பேன். இப்போது இரண்டு நாள் பின்னோக்கி எண்ணினேன். இரண்டு நாளுக்கு முந்தைய இரவு, புதிதாக வெள்ளையடித்த அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியிருந்தேன். படிக்கட்டின் அடியில் வைத்திருந்த நீர் கலந்த பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, விளக்கடியில் வைத்துப் படித்தேன். கீழிருந்து மூன்றாம் வரியில் அந்தப் பெயர் இருந்தது.